பொன்னுரங்கத்தின் இலை மிச்சம்

"சோறு மொதல்லயா, கறி மொதல்லயா?"

செவ்வந்தி கையில் கரண்டியோடு நின்று கேட்டாள். வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பொன்னுரங்கத்துக்கே அது விநோதமாக இருந்தது.

"இன்னாடி புதுசா கேக்கற? சோத்தப் போட்டுக் குழம்ப ஊத்து. கறிய ஓரத்துல வை. எங்கப்பன் அப்படித்தான் தின்னாரு, நானும் அப்படித்தான் தின்னுவேன்."

"இல்லீங்க, அந்த டயட் பொண்ணு கறி மொதல்லன்னு சொல்லுச்சே."

"அது ஏசி ரூமுல குந்திக்கினு ஆயிரம் சொல்லும். இது யாரு வூடு?"

"உங்க வூடுதாங்க."

"அப்பறம் இன்னா, போடு."

"சரிங்க."

ஒரு தடவை கேட்டாகிவிட்டது. மறுபடி கேட்பதாக அவளுக்கு உத்தேசமில்லை. சோற்றைப் போட்டாள், கோழிக் குழம்பை ஊற்றினாள். பதமாக வெந்த கறித்துண்டுகளை இலையின் ஓரத்தில், அவர் சொன்ன இடத்திலேயே, கொஞ்சமும் குறைக்காமல் வைத்தாள்.

ரிஷிவந்தியம் பக்கத்தில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம் அது. பொன்னுரங்கம் ஒரு காலத்தில் உட்கார்ந்தால் நாற்காலி முனகும். சர்க்கரை ஏறி, மூச்சு வாங்கி, வரப்பில் நடக்க முடியாமல் போன பிறகு, பாண்டிச்சேரி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டித் தைத்து வாழைக்காய் அளவுக்குச் சுருக்கிவிட்டார்கள். இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, அதில் முதலில் எது போகிறதோ அதுதான் உடம்புக்கு. டயட் சொல்லும் பெண் சுபஸ்ரீ அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தாள். "முட்டை, மீன், கறி, பருப்பு, தயிரு. இதுதாம்மா மொதல்ல. எடம் இருந்தா காய். அதுக்கும் மேல எடம் இருந்தா ரெண்டு வாய் சோறு. புரதம் போகலைன்னா கொழுப்போட சேந்து சதையும் கரைஞ்சிரும்."

நாலாவது வாய் சோற்றிலேயே பொன்னுரங்கம் நெஞ்சைத் தடவினார்.

"போதும். ரொம்பிப் போச்சி."

"கறி அப்படியே இருக்குதுங்களே."

"எடம் இல்லடி. நீ தின்னு."

அவர் எழுந்து போனார். செவ்வந்தி அதே இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அந்த வீட்டு வழக்கம் அது. புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் பெண்டாட்டி சாப்பிட வேண்டும், அவர் விட்ட மிச்சம் அவளுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நாள் தனித்தட்டு எடுத்தவளை அவர்தான் நிறுத்தினார். "என் மிச்சம்தான் உனக்கு. எங்க ஆத்தா அப்படித்தான் தின்னா." அந்த நாளிலிருந்து அவள் கண்ட மிச்சமெல்லாம் கரும்புச் சக்கை மாதிரி மென்று துப்பிய எலும்பும், ஒட்டியிருந்த குழம்பும்தான். "கறி இல்லன்னா இன்னா, சாறு இருக்கில்ல?" என்பார் கை கழுவிக்கொண்டே.

இன்றைக்கு இலையில் தொடைக்கறி இருந்தது, ஈரல் இருந்தது. செவ்வந்தி அவசரமே இல்லாமல் சாப்பிட்டாள்.

அவளுக்குள் ஒரு கோழி இருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில், இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில் என்கிற முறைப்படி மகள் எழில்மதியை அவள் இந்த வீட்டில்தான் பெற்றாள். மூன்றாம் நாள் அவளுடைய அம்மா மணலூர்பேட்டையிலிருந்து கூடையோடு வந்து இறங்கினாள். கூடையில் பால் சுறாக் கருவாடு, உரித்த பூண்டு, மேலே ஒரு நாட்டுக்கோழி. பஸ்ஸில் வேறு யார் கோழியோடும் கலந்துவிடக் கூடாதென்று அதன் காலில் பச்சை ரிப்பன் கட்டியிருந்தாள் அம்மா. செவ்வந்தி பள்ளிக்கூடம் போகும்போது சடையில் கட்டிய ரிப்பன் அது. "நாளைக்கி அடிச்சி மொளகு போட்டுக் குடுங்க, புள்ளைக்குப் பால் ஊறணும்" என்று சொல்லிவிட்டு, களையெடுப்பு வேலை இருந்ததால் அன்று சாயங்காலமே திரும்பினாள்.

அன்று இரவுக்குள் கோழி முடிந்துவிட்டது. பொன்னுரங்கமும் சிநேகிதர்களும் கரும்புக் கொல்லையில் அடித்துச் சாப்பிட்டார்கள். செவ்வந்தி படுத்திருந்த பாய்க்கு ஒரு கிண்ணம் சாறு வந்தது. "பொம்பளைக்கு எதுக்கு முழுக் கோழி? சத்தெல்லாம் இதுலதான் இருக்குது, குடி."

பால் ஊறவில்லை. எழில்மதி ஆட்டுப்பாலிலும் தண்ணீர் கலந்த மாட்டுப்பாலிலும் தப்பிப் பிழைத்தாள். இன்றைக்கும் கல்யாண வீட்டில் அவளைப் பார்க்கிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று நினைத்து "எத்தினாவது படிக்கிற?" என்று கேட்கிறார்கள்.

செவ்வந்தி எலும்பை நன்றாக உறிஞ்சி, இலையை மடித்தாள்.

வீட்டுக் கொல்லையில் வேலை செய்யும் சின்னப்பொண்ணிடம் எதையும் ஒளிக்க முடியாது. அந்தக் காலத்தில் பிரசவத்தின்போது வெந்நீர் போட்டவளும் அவள்தான்.

"யக்கா, ஆபரேசன் அவருக்கா உனுக்கா?"

"ஏண்டி?"

"அவரு ஓணானாட்டம் ஆய்க்கினு வர்றாரு. உன் கன்னம் பன்னாட்டம் ஆய்க்கினு வருது."

"மிச்சத்தத்தான் திங்கறேன்."

"அந்தக் கன்னுக்குட்டி இன்னா, பயில்வானாட்டம் துள்ளுது?"

"ஆஸ்பத்திரில ஒரு பவுடரு குடுத்தாங்க, பால்ல கலக்கிக் குடிக்கச் சொல்லி. அவருக்கு நாத்தமாம். மாட்டுக்குப் போடுன்னாரு. போட்டேன்."

சின்னப்பொண்ணு களைக்கொத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தணித்தாள்.

"அந்த மனுசனுக்கு நல்லது கெட்டது சொல்ல வேணாமா?"

"சொன்னேனே. ஒரு தபா சொன்னேன்."

"ஒரு தபா போதுமா?"

"எங்கம்மாவும் ஒரு தபாதான் சொல்லிட்டுப் போனா."

சின்னப்பொண்ணு குனிந்து களையைப் பிடுங்கினாள்.

முதலில் பொன்னுரங்கத்துக்குப் பெருமைதான். பழைய சட்டையை எடுத்துப் போட்டு, "பாத்தியா, மாப்ள மாதிரி ஆயிட்டேன்" என்று கண்ணாடி முன் நின்றார். அவர் சொன்னதை எல்லாம் செவ்வந்தி செய்தாள். இட்லி கேட்டால் இட்லி, கஞ்சி கேட்டால் கஞ்சி. புரட்டாசி வந்தபோது, "பெருமாள் மாசம், முட்டைகூட வேணாம்" என்றார். "சரிங்க" என்றாள். பாசிப்பயறு சுண்டல் வைத்தால் "இத ஆடு திங்கும்" என்று தள்ளினார். அதையும் அவள்தான் சாப்பிட்டாள்.

ஐப்பசியில் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. கால் வீங்கியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். ஒரு நாள் கரும்பு வெட்டு பார்க்கப் போனவர் வரப்பிலேயே மடங்கி விழ, ஆட்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"செவ்வந்தி, எனக்கு இன்னாடி ஆவுது?"

அவர் குரலில் பயம் இருந்தது. அவள் அந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கே தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றாள்.

சுபஸ்ரீ பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தாள்.

"ஐயா, வூட்ல யாரு சாப்பாடு போடறாங்க?"

"இவதாம்மா. ஒரு கொறையும் வெக்கறதில்ல. நான் கேட்டதெல்லாம் செஞ்சி போடறா."

"நீங்க கேட்டத போட வேணாம். ஒடம்புக்கு வேணுங்கறத போடணும். மொதல்ல கறியா, சோறா?"

"சோறுதான்."

"அதான். தட்டுல கறி இருந்தும் பட்டினி கெடந்திருக்கீங்க. சதை கரைஞ்சிக்கினே இருக்குது. இப்படியே போனா படுக்கையிலதான் போடணும். அப்பறம் எழுந்திரிக்கறது ரொம்பக் கஷ்டம்." செவ்வந்தி பக்கம் திரும்பினாள். "அம்மா, உங்க கிட்ட நான் சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்கம்மா."

செவ்வந்தி புருஷனைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி, வேட்டியை அரைஞாணில் முடிந்து உட்கார்ந்திருந்தார். அப்படியே விட்டுவிடலாம். யாரும் அவளைக் கேட்க முடியாது. அவர் சொன்னதைத்தானே செய்தாள். ஆனால் செத்துவிட்டால் மாலை போட்டு, போட்டோ மாட்டி, தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லும். பங்காளிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவளும் அழ வேண்டியிருக்கும். கோழியைப் பற்றி ஒருத்தரும் பேச மாட்டார்கள்.

இல்லை, இந்த மனுஷன் இருக்க வேண்டும். தெரிந்து இருக்க வேண்டும்.

"இனிமே நான் பாத்துக்கறேம்மா" என்றாள் சுபஸ்ரீயிடம்.

கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். விழுப்புரம் தாண்டியதும் பொன்னுரங்கம் பேச்செடுத்தார்.

"அந்தப் பொண்ணு மொதல்லயே சொல்லிச்சாமே."

"ஆமாங்க."

"நீ ஏன் போடல?"

"கேட்டேனே. இது யாரு வூடுன்னீங்க."

"நான் ஆயிரம் சொல்லுவேன். நீ எடுத்துச் சொல்ல வேணாமா? எல்லாக் கறியும் எங்க போச்சி?"

"எலையில இருந்துச்சி. மிச்சம் என்னுதுன்னு நீங்கதான சொன்னீங்க."

அவர் அவளை முழுதாகத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய தடித்த புஜத்தை, பளபளத்த முகத்தை, அன்றைக்குத்தான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"வேணும்னே செஞ்சியா?"

"ஆமாங்க."

"நான் உனக்கு இன்னாடி பண்ணேன்?"

"எங்கம்மா பத்தியத்துக்குக் கொண்டாந்த கோழிய தின்னீங்க."

"எந்தக் கோழி?"

செவ்வந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தாள்.

"இந்த வூட்ல எத்தினியோ கோழி அடிச்சிருக்கோம். எந்தக் கோழிய சொல்ற நீ? கோழி கணக்கெல்லாமா மனசுல வெச்சிக்கினு இருப்பாங்க?"

அவள் மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். வேகவைத்த முட்டைகள் இருந்தன. ஒன்றை உரித்து, உப்பைத் தொட்டு, முழுக்கத் தின்றாள். இன்னொன்றை உரித்துப் பாதி கடித்தாள். மிச்சப் பாதியை மூடியில் வைத்து அவர் மடியில் வைத்தாள்.

"இன்னாடி இது?"

"மிச்சம். இனிமே நான் மொதல்ல. நான் விட்டத நீங்க. வேணான்னா சொல்லுங்க, அதையும் தின்னுடறேன். எனக்கு எடம் இருக்குது."

பொன்னுரங்கம் ஜன்னல் பக்கம் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். உளுந்தூர்பேட்டையில் பஸ் நின்று கிளம்பியது. பிறகு யாரும் பார்க்காத மாதிரி பாதி முட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மென்னு முழுங்குங்க" என்றாள் அவள். "தண்ணி குடிக்காதீங்க. அரை மணி கழிச்சித்தான் குடிக்கணும்."

வீட்டில் அது தொடர்ந்தது. அவள் முதலில் உட்கார்ந்தாள். தன் இலையில் அவருக்கு வேண்டிய மீனையும் முட்டையையும் விட்டுவிட்டு எழுந்தாள். சுபஸ்ரீ சொன்ன அளவில் ஒரு துண்டு கூடாது, ஒரு துண்டு குறையாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய எச்சிலை அவர் சாப்பிட்டார். கதவைச் சாத்திக்கொண்டுதான். கார்த்திகை முடிவதற்குள் கால் வீக்கம் வடிந்தது. படியேறினார். தெம்பு வந்ததும் பழைய குரலும் கொஞ்சம் வந்தது.

"போதும்டி இந்த வெளையாட்டு. ஒடம்பு தேறிடுச்சி."

"தேறிடுச்சா? சரிங்க. அப்போ முனியப்பனுக்குக் கெடா வெட்டிடலாம்."

ஆபரேஷனுக்கு முன்னால் அவரே வேண்டிக்கொண்டது அது. பிழைத்து வந்தால் குலதெய்வத்துக்குக் கெடா. தட்ட முடியாது.

"வெட்டலாம்" என்றார்.

"அங்கயும் நான்தான் மொதல்ல."

"அடியே, பங்காளிங்க அத்தினி பேரும் இருப்பாங்க."

"இருக்கட்டும். ஏன்னு கேப்பாங்க. கேட்டா கோழிக் கதைய சொல்லுங்க."

"எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொன்னனே."

"ஞாபகம் இல்லன்னா நான் சொன்னத சொல்லுங்க. இல்ல, பழையபடி நீங்களே மொதல்ல குந்துங்க. நான் சோறு போட்டுக் குழம்பு ஊத்தறேன். உங்க இஷ்டம்."

கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்குப் போகிற மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில் முனியப்பன் கோயில். கூரை கிடையாது, வேப்பமரமும் வேலும்தான். வேன்களில் சனம் வந்து இறங்கியது. கெடா வெட்டி, கல் அடுப்பில் அண்டா ஏற்றி, மத்தியானத்துக்குள் குழம்பு மணம் காட்டுக்குள் இறங்கியது. முதல் பந்திக்குப் பாய் விரித்தார்கள். முதல் பந்தி ஆண்களுக்கு. அதில் முதல் இலை வேண்டுதல்காரருக்கு, ஈரல் விழுவதும் அந்த இலையில்தான்.

பொன்னுரங்கம் இலையருகே வந்து நின்றார். உட்காரவில்லை.

"குந்துப்பா" என்றார் மூத்த பங்காளி மாயவன். "ஒனக்காக எல்லாம் காத்துக்கினு இருக்குது."

"மொதல் எலையில செவ்வந்தி குந்தட்டும்ணே."

"இன்னாது?"

செவ்வந்தி புடவையைச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பரிமாற வந்த சின்னப்பொண்ணு யாரையும் கேட்காமல் ஈரலை அவள் இலையில் வைத்தாள்.

"ஏம்பா பொன்னுரங்கம், வேண்டுதல் ஒன்னுது, எலை அவளுதா?" மாயவன் சுற்றிலும் பார்த்தார். "நீ எதுல திம்ப?"

"அவ சாப்புட்ட மிச்சத்துல."

பந்தியில் சிரிப்பு கிளம்பியது. "வயித்தத்தான வெட்டுனாங்க, வேற எதையாச்சும் வெட்டிட்டாங்களா?" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு இன்னும் பெரிதானது.

"டாக்டர் சொல்லியிருக்காருணே" என்றார் பொன்னுரங்கம்.

செவ்வந்தி ஒரு துண்டு ஈரலை எடுத்து வாயில் போட்டு மென்றாள். இலையில் ஈரல் குறைந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"எந்த ஊரு டாக்டர்ரா பொண்டாட்டி எச்சிலத் திங்கச் சொல்லுவான்?"

"இல்லணே, ஒடம்புக்கு... ஒரு முறை இருக்குது..."

இன்னொரு துண்டை எடுத்தாள். அவசரப்படாமல் மென்றாள். பசி பொன்னுரங்கத்தின் முகத்தில் தெரிந்தது. காலையிலிருந்து அவருக்கு அவள் எதுவும் கொடுக்கவில்லை. வரப்பில் மடங்கி விழுந்த நாளும் அந்த முகத்தில் தெரிந்தது. அவள் கை மூன்றாவது துண்டுக்குப் போனது.

"செவ்வந்தி புள்ள பெத்துக் கெடந்தாணே" என்றார் அவர். "எழில்மதி பொறந்தப்ப. அவங்கம்மா பத்தியத்துக்கு ஒரு கோழி கொண்டாந்தாங்க. அத நான் தின்னுட்டேன். அவளுக்கு சாறு குடுத்தேன். பால் இல்லாம போச்சி புள்ளைக்கி."

"அட, இதுக்கா?" என்று யாரோ சிரித்தார்கள்.

ஆண்கள் பக்கம்தான் அந்தச் சிரிப்பு. அண்டா அருகே நின்ற பெண்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சின்னப்பொண்ணு வாளியைத் தரையில் வைத்துவிட்டு நின்றாள். மாயவனின் பெண்டாட்டி தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரித்தவர்கள் ஒவ்வொருவராக இலையைக் குனிந்து பார்த்தார்கள்.

"எந்தக் கோழி?" என்று கேட்டாள் செவ்வந்தி. மெதுவாகத்தான் கேட்டாள். அவர் பஸ்ஸில் கேட்ட அதே கேள்வி.

"கழுத்துல எறகு இல்லாத கோழி." பொன்னுரங்கம் தரையைப் பார்த்துச் சொன்னார். "கால்ல பச்சை ரிப்பன் கட்டியிருந்துச்சி. நான்தான் அவுத்துப் போட்டேன்."

செவ்வந்தியின் கை இலையில் அப்படியே நின்றது.

ரிப்பனைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. பஸ்ஸிலும் சொல்லவில்லை, அதற்கு முன்னாலும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. ஒவ்வொரு தடவை எலும்பைத் துப்பிவிட்டுச் சாறு இருக்கில்ல என்று சொன்னபோதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் வாயால் சொல்லிவிட்டால் போதும், தை பிறந்ததும் தனித்தனித் தட்டு எடுத்துவிடலாம் என்றுதான் வேனில் வரும்போது நினைத்திருந்தாள். சொல்லிவிட்டார். நெஞ்சு ஆறவில்லை. ஆறவேண்டிய அவசியம் இருப்பதாகவும் இப்போது அவளுக்குப் படவில்லை.

மிச்சமிருந்த ஈரலையும் எலும்பில்லாத இரண்டு துண்டுக் கறியையும் இலையின் நடுவில் சேர்த்தாள். எழுந்து இடம் விட்டாள்.

"குந்துங்க. கறி மொதல்ல."

அவர் உட்கார்ந்தார். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இலையிலிருந்து ஈரலை எடுத்து வாயில் வைத்து மெல்லத் தொடங்கினார். சின்னப்பொண்ணு சோற்று வாளியோடு குனிந்தாள்.

"யக்கா, அவருக்குச் சோறு போடட்டுமா?"

"அப்பால பாத்துக்கலாம். எடம் இருந்தா."

பொன்னுரங்கம் தலையை நிமிர்த்தாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். "இன்னும் எத்தினி நாளைக்குடி?"

"அந்த ரிப்பன் உங்களுக்கு மறந்து போற வரைக்கும்" என்று சொல்லிவிட்டு, செவ்வந்தி கை கழுவப் போனாள்.